நாய்க்கு ட்ரெயினிங்: செஷனை எப்படி ஆரம்பிக்கணும், முக்கியமா எப்படி முடிக்கணும்

ரெண்டு வருஷம் முன்னாடி வேளச்சேரில எங்க தெருமுனைல ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள கெடந்த குட்டியைத் தூக்கிட்டு வந்தோம். நாட்டு நாய்தான், முழுக் கருப்பு, அதனால மிளகுன்னு பேரு. மூணு மாசம் ஆனதும் ட்ரெயினிங் ஆரம்பிச்சுட்டேன். தினம் சாயங்காலம் மொட்டை மாடில 40 நிமிஷம், ஸ்கூல் ட்யூஷன் மாதிரி. முதல் வாரம் வாலை ஆட்டிட்டு வந்துச்சு. மூணாவது வாரம் நான் ட்ரீட் டப்பாவை எடுத்தாலே கட்டிலுக்கு அடில போயி படுத்துக்கிச்சு, ஈரல் காட்டினாக்கூட வரல. நாட்டு நாய்க்கெல்லாம் மண்டைல ஏறாதுன்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு, நானும் ரெண்டு நாள் நம்பிட்டேன்.

தப்பு மிளகு மேல இல்ல. நான் செஷனை நீட்டின விதமும், ஒவ்வொரு தடவையும் கடுப்புல முடிச்ச விதமும்தான். அதை சரிபண்ண எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நீங்க அந்த அஞ்சு மாசத்தை வேஸ்ட் பண்ண வேணாம்.

1. முதல்ல பேப்பர் வேலையை முடிங்க

ட்ரெயினிங்குக்கும் பேப்பருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நாளைக்கு பார்க்குல, அபார்ட்மென்ட் கீழ ப்ராக்டிஸ் பண்ணும்போது யாராவது சண்டைக்கு வந்தா கைல காட்ட இதுதான் இருக்கும்.

தடுப்பூசி கார்டு முக்கியம். குட்டிக்கு ஆறுலேர்ந்து எட்டு வாரத்துல முதல் ஊசி, அப்பறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை பூஸ்டர், ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல, அதுக்கப்பறம் வருஷா வருஷம். கார்டுல ஊசி மருந்து ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து, சீல் நாலும் இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க. எனக்கு சீல் விட்டுட்டாங்க, அதுக்காக மறுபடி ஒரு நாள் லீவு போட்டு போனேன்.

சென்னை மாநகராட்சி லிமிட்ல இருந்தா லைசென்ஸ் வேணும். ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், நாயோட போட்டோ, உங்க போட்டோ, அட்ரஸ் ப்ரூப், ரேபிஸ் ஊசி சர்டிபிகேட் அப்லோட் பண்ணணும். நான் எடுத்தப்போ பீஸ் வருஷத்துக்கு 50 ரூபாய். 2025ல மைக்ரோசிப்பையும் (நாயோட தோலுக்கு அடில வெக்கற அடையாளச் சிப்) கட்டாயம் ஆக்கிட்டாங்க, லைசென்ஸ் இல்லன்னா 5000 ரூபாய் பைன்னு அறிவிச்சாங்க. அதனால இதைத் தள்ளிப்போடாதீங்க. போட்டோ சைஸ் பெருசா இருந்து அப்லோட் ஆகலன்னா வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி டவுன்லோட் பண்ணுங்க, சைஸ் குறைஞ்சுடும்.

ஊசி முழுசா முடியறவரைக்கும் குட்டியை தெரு மண்ணுல இறக்காதீங்க, பார்வோங்கற வைரஸ் நோய் வந்தா பொழைக்கிறது கஷ்டம். அதுக்காக வீட்டுக்குள்ளயே பூட்டியும் வெக்காதீங்க. மூணுலேர்ந்து பதினாலு வாரத்துக்குள்ள பாக்கற ஆளுங்க, கேக்கற சத்தம் இதெல்லாம்தான் குட்டிக்கு உலகம் பழகற நேரம். தோள்ல தூக்கிட்டு தெருமுனை வரைக்கும் போங்க, ஆட்டோ, குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன் எல்லாத்தையும் பாக்கட்டும்.

2. சாமான், செலவு

ரொம்ப செலவு கிடையாது. ரெண்டு மீட்டர் பெல்ட் ஒண்ணு, கழுத்துக்கு பதிலா மார்போட சேத்து மாட்டற ஹார்னஸ் ஒண்ணு, ரெண்டும் சேத்து எனக்கு ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. நாய் சரியா செஞ்ச நொடில "டிக்"னு அழுத்தி சத்தம் குடுக்கற கிளிக்கர் 120 ரூபாய்க்கு வாங்கினேன், ரெண்டு வாரத்துல தொலைச்சேன், அப்பறம் "யெஸ்"ங்கற ஒரே வார்த்தைய வெச்சே ஓட்டிட்டேன். எந்த வித்தியாசமும் இல்ல.

ட்ரீட்டுக்கு கடை பாக்கெட் தேவையில்ல. கால் கிலோ கோழி ஈரல் வாங்கி உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாம வேகவெச்சு, ஆறினதும் கொண்டைக்கடலைல பாதி சைஸுக்கு நறுக்கி ப்ரீசர்ல போடுங்க. சுமார் 50 ரூபாய் ஆகும், ஒரு வாரத்துக்கு மேல வரும். ஈரல் அதிகமானா லூஸ் மோஷன் ஆகும், அதனால பாதி ஈரல், பாதி வேகவெச்ச கோழின்னு கலந்துக்குங்க. வெஜிடேரியன் வீடா இருந்தா பனீர், வேகவெச்ச சக்கரவள்ளிக்கிழங்கு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூணும் விஷம், சாம்பார் சாதத்துல வெங்காயம் இருக்குங்கறதை பாட்டிகிட்டயும் சொல்லிவைங்க. ட்ரீட் எல்லாம் சேத்து ஒருநாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்கு தாண்டக்கூடாது, தாண்டினா ராத்திரி சோத்தைக் குறைங்க.

3. வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தை

இதை யாரும் எனக்கு சொல்லல. நான் "சிட்"னு சொல்வேன், அம்மா "உக்காரு", தம்பி "உக்கார்றா டேய்". நின்ன இடத்துலயே இருக்கறதுக்கு "இரு"ன்னு பழக்கினேன், ஆனா குலைச்சா அப்பா சத்தம் போடறதும் "சும்மா இரு"தான். பாவம் அது என்னன்னு நெனைக்கும்?

ஒரு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டுங்க. வீட்டு பேச்சுல அடிக்கடி வராத வார்த்தையா இருக்கணும். முக்கியமா ரெண்டு வார்த்தை தனியா வேணும். ஒண்ணு, "இரு"லேர்ந்து எந்திரிக்க விடறதுக்கு. நான் முதல்ல "ஓகே" வெச்சேன், போன்ல பேசும்போது நூறு தடவை ஓகே சொல்வேன், ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஓடிச்சு. இப்ப "ஓடு". இன்னொண்ணு, செஷனே முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு. "போதும்"னு வெச்சு பாத்தேன், சாப்பாடு பரிமாறும்போது எங்க வீட்டுல கேக்கற ஒரே வார்த்தை அதுதான், வேலைக்காகல. கடைசில "அவ்ளோதான்"னு ஆச்சு, கூடவே ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுக் காட்டறது. கோயில்ல பிரசாதம் தீந்துபோச்சுன்னு அய்யர் கையை விரிப்பாரே, அதே மாதிரி.

4. எப்ப, எவ்ளோ நேரம்

குட்டின்னா மூணு நிமிஷம். ஆறு மாசம் தாண்டினா அஞ்சு. பெரிய நாய்க்கே பத்து நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு ஒண்ணு அல்லது ரெண்டு செஷன். இது சோம்பேறித்தனம் இல்லீங்க. டென்மார்க்ல பீகிள் நாய்களை வெச்சு பண்ண ஆராய்ச்சி 2011ல வந்துச்சு, அதுல தினமும் பழக்கின நாய்களைவிட வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பழக்கின நாய்கள்தான் கம்மி செஷன்ல கத்துக்கிச்சு. நடுவுல விடற இடைவெளில அதுக்கு மனசுல படிஞ்சுடுது போல. அதனால ஒருநாள் விட்டுப்போச்சேன்னு குற்ற உணர்ச்சியே வேணாம்.

சென்னை வெயில்ல காலைல ஏழு மணிக்கு முன்னாடி, இல்லன்னா சாயங்காலம் ஆறரைக்கு அப்பறம். மொட்டை மாடி, தார் ரோடுன்னா புறங்கையை தரைல ஏழு செகண்ட் வெச்சு பாருங்க, உங்களால முடியலன்னா அது பாதத்தாலயும் முடியாது. வயிறு முட்ட சாப்பிட்ட உடனே வேணாம், கொலப்பசிலயும் வேணாம், ஈரலைப் பாத்ததும் மூளை வேலை செய்யாது. ஒண்ணுக்கு போய்ட்டு வந்தப்பறம் ஆரம்பிங்க.

5. அஞ்சு நிமிஷத்துக்குள்ள என்ன நடக்கணும்

கடிகாரம் பாக்காதீங்க, துண்டை எண்ணுங்க. 20 துண்டு எடுத்து 15ஐ ஒரு கிண்ணத்துல, அஞ்சை பாக்கெட்ல போடுங்க. கிண்ணம் காலியானா செஷன் காலி. பாக்கெட்ல இருக்கற அஞ்சு முடிக்கிறதுக்கு, அதைத் தொடக்கூடாது.

முதல் மூணு துண்டு நல்லா தெரிஞ்ச வேலைக்கு. "உக்காரு", உக்காந்துச்சு, "யெஸ்", துண்டு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிடற மாதிரி. அடுத்த பத்து துண்டு புதுசா ஒரே ஒரு விஷயத்துக்கு. உக்காரு, படு, கை குடு எல்லாத்தையும் ஒரே செஷன்ல கலந்து நான் பண்ண கூத்துல மிளகு எதைச் சொன்னாலும் மூணையும் வரிசையா செஞ்சுட்டு என் மூஞ்சியைப் பாக்கும்.

அஞ்சு அஞ்சா கணக்கு வைங்க. அஞ்சுக்கு அஞ்சும் சரியா செஞ்சா ஒரு படி கஷ்டமாக்குங்க. மூணு நாலுன்னா அதே லெவல்ல இன்னொரு அஞ்சு. ஒண்ணு ரெண்டுதான்னா ஈசியாக்குங்க, அது உங்க கேள்வி கஷ்டம்னு அர்த்தம், நாய் திமிர் புடிச்சதுன்னு இல்ல. கஷ்டமாக்கறதுன்னா மூணு வழி இருக்கு: தூரம், நேரம், இடைஞ்சல். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் ஏத்தணும், அதை ஏத்தும்போது மத்த ரெண்டையும் கொஞ்சம் இறக்கணும். "இரு" சொல்லி பத்து செகண்ட் நிக்க பழகினதை அப்படியே தெருவுல கொண்டுபோய் பூனை முன்னாடி கேட்டா எப்படி செய்யும்?

வார்த்தையை ஒரு தடவைதான் சொல்லணும். "உக்காரு உக்காரு உக்காரு"ன்னா அது மூணாவது உக்காருக்குத்தான் உக்காரும், அதுதான் முழு வார்த்தைன்னு நெனைச்சுக்கும்.

கடைசி ரெண்டு துண்டு மறுபடி தெரிஞ்ச வேலைக்கு.

6. கிண்ணம் காலியாகறதுக்கு முன்னாடியே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

தூக்கம் வராம கொட்டாவி. சாப்பாடு இல்லாம உதட்டை நக்கறது. மூஞ்சியை வேற பக்கம் திருப்பறது. திடீர்னு தரையை மோந்துட்டே போறது. அரிப்பே இல்லாம காதை சொறியறது, நனையாமயே உடம்பை உதறறது. இதெல்லாம் "எனக்கு முடியல"ன்னு சொல்றதுதான். ஒண்ணு எப்பவாவது வந்தா பரவால்ல, ஒரே நிமிஷத்துல ரெண்டு மூணு வந்தா முடிச்சுருங்க.

இன்னொரு அடையாளம் பலபேருக்கு தெரியறதில்ல: ட்ரீட்டை வாங்கற விதம். மெதுவா வாங்கிட்டிருந்த நாய் வெடுக்குன்னு விரலோட புடுங்கினா டென்ஷன் ஏறிடுச்சுன்னு அர்த்தம். சுத்திச் சுத்தி ஓட ஆரம்பிச்சாலும் அதேதான், அது சந்தோஷம்னு நெனைச்சு நான் இன்னும் கூப்பிட்டுட்டு இருந்தேன்.

உங்க பக்கத்து அடையாளமும் உண்டு. பல்லைக் கடிச்சுட்டு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சீங்கன்னா நீங்கதான் டயர்டு. ஆபீஸ்ல திட்டு வாங்கின நாள் செஷனே வேணாம்.

7. முடிக்கிறது

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறோம். என்னோட பெரிய தப்பு "இன்னும் ஒண்ணே ஒண்ணு". ஒருநாள் சித்தி பையன் வந்திருந்தான், மிளகு படுத்து முப்பது செகண்ட் அசையாம இருந்துச்சு, அதுவரைக்கும் அதுதான் ரெக்கார்டு. அங்க முடிச்சிருக்கணும். வீடியோ எடுக்கலாம்னு மறுபடி பண்ண வெச்சேன், இருபதுல எந்திரிச்சுது, மறுபடி, பத்துல, மறுபடி, அஞ்சுல, கடைசில படுக்கவே மாட்டேன்னு குலைச்சுது, நான் கத்தினேன், டப்பாவை தூக்கிட்டு கீழ வந்துட்டேன். அடுத்த நாள் கட்டிலுக்கு அடில. நல்லா செஞ்சதுக்கு அதுக்கு கெடைச்சது இன்னும் அதிக வேலைதானே.

இப்ப நான் முடிக்கிற முறை இது:

கடைசியா ஈசியான ஒண்ணு கேக்கறேன், செஞ்சதும் துண்டு. உடனே "அவ்ளோதான்", ரெண்டு கையும் விரிச்சு காட்டறேன். பாக்கெட்ல இருக்கற அஞ்சு துண்டையும் பாய் மேல, இல்லன்னா புல்லுல தூவி விடறேன். மூக்கால தேடித் தேடி சாப்பிட ஒரு நிமிஷம் ஆகும், மோந்து பாக்கும்போது நாய் தானா அமைதியாகும். அதுக்குள்ள கிண்ணத்தை கண்ணுக்கு தெரியாத இடத்துல வெச்சுடறேன். அப்பறம் தண்ணி.

தூவாம வெறும் கையை மட்டும் விரிச்சா என்ன ஆகும்? ஜாலியா போயிட்டிருந்தது டக்குன்னு நின்னுபோன ஏமாத்தம். கணுக்காலைக் கடிக்கும், பேன்ட்டை இழுக்கும், மூஞ்சிக்கு நேரா குலைக்கும். ட்ரெயினிங் முடிஞ்சாலே வெறி புடிக்குதுன்னு சொல்றவங்க பாதிபேருக்கு இதுதான் பிரச்சனை.

தண்ணி குடிச்சப்பறம் விளையாட்டு. 2017ல இங்கிலாந்துல லிங்கன் யூனிவர்சிட்டி ஆளுங்க 16 லாப்ரடார்களை வெச்சு பாத்தாங்க. ஒரு வேலையை கத்துக்குடுத்ததும் பாதி நாய்களை அரைமணி நேரம் நடக்கவும் விளையாடவும் விட்டாங்க, மீதியை சும்மா ஓய்வெடுக்க வெச்சாங்க. அடுத்த நாள் அதே வேலைக்கு விளையாடின நாய்களுக்கு சராசரியா 26 முயற்சி போதுமா இருந்துச்சு, ஓய்வெடுத்ததுகளுக்கு 43 ஆச்சு. பத்து நிமிஷம் நடை, பத்து நிமிஷம் விளையாட்டு, மறுபடி பத்து நிமிஷம் நடை, இதான் அவங்க பண்ணது. நான் அவ்ளோ நேரம் முடியாதுன்னு பழைய துண்டை முடிச்சுபோட்டு அஞ்சு நிமிஷம் இழுத்து விளையாடிட்டு தெருவை ஒரு ரவுண்டு வர்றேன். நாலு மாசத்துக்குள்ள குட்டின்னா விளையாட்டுக்கு முன்னாடியே சுருண்டு படுத்துடும், எழுப்பாதீங்க.

செஷன் சொதப்பிடுச்சுன்னா? "வெற்றியோடதான் முடிக்கணும்"னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, அந்த வெற்றிக்காக இன்னும் பதினஞ்சு நிமிஷம் இழுத்து ரெண்டு பேரும் அழுவீங்க. வேணாம். கையை நீட்டி மூக்கால தொடச் சொல்லுங்க, தொட்டா துண்டு. அதுவும் செய்யலன்னா எதுவும் கேக்காம தூவிட்டு "அவ்ளோதான்". சும்மா இருந்ததுக்கு ட்ரீட்டா, கெட்டுப்போயிடாதான்னு அம்மா கேட்டாங்க. கெட்டுப்போகல.

இன்னும் ரெண்டு பொறி. "வா"ன்னு கூப்பிட்டு, வந்ததும் பெல்ட்டை மாட்டி வீட்டுக்கு இழுத்துட்டு போய் முடிக்காதீங்க, குளிக்க வெக்கவும் அந்த வார்த்தையால கூப்பிடாதீங்க. நாலே தடவைல "வா"ன்னா ஜாலி முடியப்போகுதுன்னு புரிஞ்சுக்கும், அப்பறம் பார்க்குல நீங்கதான் தொரத்தணும். பார்க்குல பத்து தடவை கூப்பிட்டா ஒன்பது தடவை துண்டு குடுத்து "ஓடு"ன்னு திரும்ப விட்ருங்க. ரெண்டாவது, போன் அடிச்சதும் "இரு"ல இருக்கற நாயை அப்படியே மறந்துட்டு போறது. அது எவ்ளோ நேரம் இருக்கும், அதுவா எந்திரிக்கும், வார்த்தைக்கு மதிப்பு போச்சு. போனை உள்ள வெச்சுட்டு வாங்க.

8. ஒரு நோட்டு

பத்து ரூபாய்க்கு கெடைக்கற எழுதற நோட்டு போதும். தேதி, என்ன பழக்கினேன், அஞ்சுக்கு எத்தனை, எப்படி முடிஞ்சுது. ஒரு வரிதான். "14, படு, 4/5, தூவினேன், குலைக்கல." ரெண்டு வாரம் எழுதினா தெரியும் எந்த நேரத்துல நல்லா செய்யுதுன்னு. மிளகுக்கு சாயங்காலத்தைவிட காலைல நல்லா வருதுன்னு நோட்டைப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன், சாயங்காலம் தெருவுல மத்த நாய்ங்க குலைக்கறதுல பாதி கவனம் அங்கதான் இருந்திருக்கு.

9. ட்ரெயினர் வெக்கறதா இருந்தா

நானும் நடுவுல ஒருத்தரை வெச்சேன். மாசம் 8000, பாதி அட்வான்ஸ், ரசீது கிடையாது. ரெண்டாவது நாளே கழுத்தை இறுக்கற சங்கிலியை மாட்டி சுண்டி இழுத்தாரு, மிளகு பயத்துல அங்கயே ஒண்ணுக்கு போயிடுச்சு. நிறுத்திட்டேன், அட்வான்ஸ் வரல. நல்ல ட்ரெயினரும் இருக்காங்க, ஆனா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: சொன்னதை நாய் செய்யலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? "ஈசியாக்குவேன்"னா உள்ள விடுங்க, "அடங்கற வரைக்கும் விடமாட்டேன்"னா வாசலோட அனுப்புங்க. உங்களைக் கூட நிக்க விடாம தனியா கூட்டிட்டு போறவங்க வேணாம். மாசத்துக்கு மொத்தமா குடுக்காம கிளாஸுக்கு இவ்ளோன்னு பேசுங்க.

திடீர்னு உறுமறது, கடிக்க வர்றது, தொட்டா கத்தறதுன்னா ட்ரெயினருக்கு முன்னாடி டாக்டர். காது வலியா, இடுப்பு வலியான்னு பாக்கணும். வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில செலவு கம்மி, ஆனா கூட்டம் இருக்கும், சீக்கிரமே போயிடுங்க, ஊசி கார்டை மறக்காதீங்க.

10. செஷன் லீவு

ஊசி போட்ட அன்னிக்கும் அடுத்த நாளும் லீவு. வயிறு சரியில்லன்னா லீவு. வீட்டுக்கு சொந்தக்காரங்க கூட்டம் வந்தா லீவு, "எங்க, கை குடுக்கச் சொல்லு பாப்போம்"னு ஆளாளுக்கு கேப்பாங்க, சிரிச்சுட்டே மறுத்துருங்க. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்து வெடி ஓயறவரைக்கும் கண்டிப்பா லீவு, அந்த நேரத்துல ஜன்னலை மூடி பேனைப் போட்டு டிவி சத்தத்தை ஏத்தி பக்கத்துல உக்காந்தாலே போதும்.

போன தீபாவளி முடிஞ்சு மூணு நாள் மிளகு கட்டிலுக்கு அடிலதான் கெடந்துச்சு. நாலாவது நாள் காலைல நான் காபி போட பிரிட்ஜைத் திறந்தப்போ ஈரல் டப்பா சத்தம் கேட்டு கிச்சன் வாசல்ல வந்து தானா உக்காந்துச்சு. 15 துண்டெல்லாம் எண்ணல. மூணே மூணு "உக்காரு", பாய் மேல ஒரு கை தூவல், அவ்ளோதான்.